எங்கள் வீட்டுக்கு பிராசவில் விழுந்த வருஷம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். இந்தத் தொடரைத் தொடங்கியபோதே முதலில் மனதுக்கு வந்தது இந்தச் சம்பவம்தான். ஆனால் பேனாவை எடுத்தால் வேறு ஏதாவது எழுதிவிடுவேன். கோயில் விருந்தில் போடும் அசனச் சோறு பற்றி எழுதினேன், பீடி சுற்றிய காலம் பற்றி எழுதினேன், வெள்ளம் வந்த வருஷம் பற்றி எழுதினேன். இதை மட்டும் தள்ளிப் போட்டேன்.

ஒன்று, என் மாமியார் உயிரோடு இருந்தார்கள். இரண்டாவது, சீட்டுப் போடும் எங்கள் சபை வழக்கத்தை யாராவது கேலி பேசிவிடுவார்களோ என்ற பயம். நான் இன்றைக்கும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறவள்தான். கர்த்தர்மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் என் கொழுந்தன் செல்வினிடம் கேட்டேன். "எழுதட்டுமா தம்பி?" என்றேன்.

"எழுதுங்க மதினி. ஆனா பெரிசாக்காதீங்க" என்றான்.

அவ்வளவுதான். எழுதுகிறேன்.

பால்தூக்கில் கை விட்டது

அன்று வருஷத்தின் முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து சபையார் எல்லோரும் வெளியே வேப்பமரத்தடியில் கூடியிருந்தோம். ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, ஒரு அலுமினியப் பால்தூக்கை நாற்காலிமேல் வைத்திருந்தார்கள். அதற்குள் சின்னச் சின்னதாய் மடித்த காகிதங்கள். குடும்பத்துக்கு ஒருவர் வந்து கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு எப்போதும் என் மாமியார், அத்தைதான் எடுப்பார்கள். அன்றைக்கும் வந்தார்கள். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு. தூக்கின் வாய் சின்னது. வளையல் இல்லாத கை, அதனால் சுலபமாக உள்ளே போனது. ஆனால் வெளியே வர நேரமாயிற்று.

பக்கத்தில் நின்ற செல்வின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியும், அவன் வாழ்க்கையே அந்தத் தூக்குக்குள்தான் அப்போது கிடந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வாயில் நுழையாத ஊர்கள்

புது வருஷத்தில் வாக்குத்தத்த வசனம் எடுப்பது எல்லாச் சபையிலும் உண்டு. எங்கள் சபையில் அதோடு இன்னொன்றும் உண்டு. ஆப்பிரிக்காக் கண்டத்துத் தலைநகரங்களின் பெயரை எழுதி மடித்துப் போடுவார்கள். எந்த வீட்டுக்கு எந்தப் பட்டணம் விழுகிறதோ அந்த வருஷம் முழுக்கக் குடும்ப ஜெபத்தில் அந்தப் பட்டணத்தைப் பேர் சொல்லி ஜெபிக்க வேண்டும்.

இதைத் தொடங்கியது அந்த ஐயரம்மாதான். பெண்கள் கூட்டத்தில் சிலர் முனகினார்கள்.

"நம்ம ஊருக்கே ஜெபம் பண்ண நேரம் பத்தல, இது எதுக்கு ஐயரம்மா? பேரே வாயில நுழைய மாட்டேங்கு."

அதற்கு அவர்கள் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "நம்ம முப்பாட்டன் காலத்துல, கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பொம்பளை 'தின்னவேலி, தின்னவேலி'ன்னு தப்பும் தவறுமாச் சொல்லி நமக்காக ஜெபம் பண்ணியிருப்பா. அவளுக்கு நம்ம ஊர் பேரு வாயில நுழைஞ்சுதா? அந்தக் கடனை நாம எங்கயாவது தீர்க்கணும்லா?"

முனகியவர்களே காகிதம் மடிக்க உட்கார்ந்தார்கள்.

ஆனால் பெயர்கள் நாக்கில் நிற்க வேண்டுமே. நான் படித்தது எட்டாம் வகுப்பு. அத்தை மூன்றாம் வகுப்பு. அங்கேதான் செல்வின் வந்தான்.

பாமா, கோ!

செல்வின் என் வீட்டுக்காரரின் தம்பி. நான் மருமகளாக வந்தபோது அரைக்கால் சட்டை. பிறகு ஐ.டி.ஐ. படித்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிரிட்ஜ் மெக்கானிக்காகச் சேர்ந்தான். எங்கள் வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம், கொக்கிரகுளத்தில். தினமும் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போவான், வருவான்.

சாயங்காலம் நானும் அத்தையும் பீடித்தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருப்போம். இவன் வந்து எதிரே உட்கார்ந்து ஆரம்பிப்பான்.

"மதினி, மாலி நாட்டுக்குத் தலைநகரம்?"

"தெரியலியே."

"மாலை கட்டணும்னா யாரைக் கூப்பிடணும்? பூக்காரி பாமாவை. என்ன சொல்லணும்? 'பாமா, கோ!' பமாகோ. மறக்குமா இனி?"

மறக்கவில்லை, பாருங்கள்.

உகாண்டாவுக்கு கம்பாலா. "வேலை செய்யாம உக்காந்தா கம்பால அடி" என்பான். ருவாண்டாவுக்கு கிகாலி. "வாண்டுப் பயலுவ வந்தா முறுக்கு டப்பா கி-காலி." ஜிம்பாப்வேக்கு ஹராரே. "அந்த ஊருப் பிள்ளைக்கு ஆராரோ பாடினாத் தூங்காது, ஹராரே பாடணும்." டோகோவுக்கு லோமே. "டோக்கன் வாங்கிட்டு லோ லோன்னு அலையுதான் பாரு." கானாவுக்கு அக்ரா. "இங்கன காணாததைத் தேடணும்னா அக்கரைக்குத்தான் போவணும்."

ஜாம்பியாவுக்கு லுசாகா. அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டான். என்னைப் பார்த்து "என்ன லூசாக்கா?" என்பான். பீடி இலையை உருட்டி எறிவேன்.

அத்தை சிரிப்பை அடக்குவார்கள். "ஜெபக் காரியத்துல என்னலே கேலி?" என்று அதட்டுவார்கள். ஆனால் மறுநாள் இலை நனைத்துக்கொண்டே "பாமா, கோ... பாமா, கோ..." என்று முணுமுணுப்பது எனக்குக் கேட்கும்.

கேலி மட்டும் இல்லை. விஷயமும் சொல்வான். அடிஸ் அபாபா என்றால் அவர்கள் பாஷையில் புதுப் பூ என்று அர்த்தமாம். நைரோபி என்றால் குளிர்ந்த தண்ணீராம். சூடானின் கார்டூம் பட்டணத்தில் இரண்டு நைல் ஆறு வந்து ஒன்றாகச் சேருகிறதாம், ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். "நம்ம சீவலப்பேரியில சித்தாறு வந்து சேருதுல்லா மதினி, அதே மாதிரி. என்ன, அங்க கொஞ்சம் பெரிசு."

லெசோதோ என்று ஒரு நாடு, நாலு பக்கமும் தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே இருக்கிறதாம். அதற்கு அவன் வைத்த பேர் வீட்டோட மாப்பிள்ளை. தென்னாப்பிரிக்காவுக்கே மூன்று தலைநகரம் என்று தெரிந்த அன்று, எதிர்வீட்டு எஸ்தர் அக்கா, "எய்யா, அது நமக்கு விழுந்தா மூணு பங்கு முழங்கால் போடணுமா? எனக்கு ஏற்கெனவே மூட்டுவலி" என்று கேட்டுவிட்டார்கள். செல்வின் சிரித்துத் தரையில் சாய்ந்துவிட்டான்.

அவன் அப்படிச் சிரித்ததை எழுதும்போதே எனக்குக் கை நின்றுவிடுகிறது.

காதர் கொண்டுவந்த செய்தி

செல்வினோடு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன் காதர். மேலப்பாளையத்துப் பையன். எங்கள் வீட்டில் ஒருத்தன் மாதிரி. கிறிஸ்துமஸுக்கு அவன் இங்கே, பெருநாளைக்கு செல்வின் அங்கே.

செல்போன் ஒவ்வொருவர் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் மத்தியானம் காதர் ஓட்டமாய் வந்தான்.

"அக்கா, செல்வின் எங்க? எங்க மாமா போன் பண்ணினாவ. அவுக இருக்கிற ஊருல பெரிய கடைக்கு, ஐஸ் ரூமைப் பாத்துக்க மெக்கானிக் ரெண்டு பேரு வேணுமாம். விசா அவங்களே அனுப்புதாங்களாம். ஒண்ணு நான், ஒண்ணு செல்வின்."

"எந்த ஊருடே? துபாயா?"

"துபாய் இல்லக்கா. ஆப்பிரிக்கா. காங்கோ. கின்ஷாசா!"

நான் கையைத் தட்டிவிட்டேன். எங்கள் பால்தூக்கில் கிடக்கிற பேர் அல்லவா!

செல்வின் வந்து கேட்டதும் வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஓடினான். அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயசு இருக்கும். பாஸ்போர்ட் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தான். அவனுக்குப் பணம்கூடப் பெரிதில்லை. பேர் மட்டும் சொல்லிச் சொல்லிச் சிரித்த ஊர்களில் ஒன்றைக் கண்ணால் பார்க்கப்போகிறோம் என்பதுதான்.

அத்தை பீடித்தட்டை இறக்கி வைக்கவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை.

என் மாமனார் லாரி ஓட்டியவர். வடக்கே லோடு கொண்டுபோன இடத்தில் தவறிப்போனார். தகவல் வந்து, சொந்தக்காரர்கள் போய்ச் சேருவதற்குள் அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள். அத்தை முகம் பார்க்கவில்லை. அப்போது செல்வின் கைப்பிள்ளை. இதை அத்தை ஒரு நாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. நான் என் வீட்டுக்காரர் சொல்லித்தான் அறிவேன்.

ஒரு வாரம் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. காதர் விசாவுக்குப் பேர் கொடுக்க வேண்டும் என்று தினமும் வந்து நின்றான். கடைசியில் ஒரு நாள் குடும்ப ஜெபம் முடிந்ததும் அத்தை சொன்னார்கள்.

"முதல் ஞாயிறு வருதுல்லா. சீட்டு எடுக்கப்போறேன். கர்த்தர்கிட்ட ஒரு அடையாளம் வச்சிருக்கேன். நம்ம வீட்டுக்கு கின்ஷாசா விழுந்தா நீ போ. விழலைன்னா அது அவருக்குச் சித்தம் இல்லைன்னு அர்த்தம்."

அடையாளம் வைத்துக் கேட்பது எங்களில் பலருக்குப் பழக்கம்தான். கல்யாணத்துக்கு வைப்பார்கள், வீடு வாங்க வைப்பார்கள். நாளைக்கு மழை பெய்தால் சம்மதம், பெய்யாவிட்டால் இல்லை என்பது மாதிரி. ஆகையால் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

செல்வின் மட்டும், "எம்மா, அம்பது ஊருக்கு மேல இருக்கேம்மா அதுல" என்றான்.

"அவருக்கு அம்பதும் ஒண்ணுதான், ஒண்ணும் அம்பதுதான்" என்றார்கள் அத்தை.

அதற்கு மேல் விசுவாசமுள்ளவன் என்ன சொல்ல முடியும்? சரி என்று தலையாட்டினான்.

அந்தக் கரை, இந்தக் கரை

அத்தை எடுத்த சீட்டை ஐயரம்மா வாங்கிப் பிரித்தார்கள். உரக்க வாசித்தார்கள்.

"காங்கோ குடியரசு. பிராசவில்."

எனக்குக் 'காங்கோ' மட்டும்தான் காதில் விழுந்தது. விழுந்துவிட்டது என்று நினைத்து அத்தை கையைப் பிடித்தேன். அந்தக் கை சில்லிட்டிருந்தது. செல்வின் முகம் ஒரு நொடி மலர்ந்து, பிறகு வாடியது. அவனுக்குத் தெரியும்.

காங்கோ என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாடு. நடுவே காங்கோ ஆறு. ஆற்றின் ஒரு கரையில் ஒரு நாட்டின் தலைநகரம், கின்ஷாசா. நேர் எதிர்க்கரையில் இன்னொரு நாட்டின் தலைநகரம், பிராசவில். இப்படி ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு தலைநகரம் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு நிற்பது உலகத்திலேயே அபூர்வம் என்று செல்வின்தான் முன்பு சொல்லியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் அத்தை எதிரே உட்கார்ந்தான்.

"எம்மா, கேளு. அது வேற எங்கயோ இல்ல. இந்தா, நம்ம பாளையங்கோட்டையும் திருநெல்வேலியும் மாதிரிதான். நடுவுல ஆறு. அங்கன நின்னா இங்கன தெரியும். கர்த்தர் கிட்டத்துல கொண்டுவந்து போட்டிருக்காரும்மா."

"கிட்டத்துலதான. அங்க இல்லியே."

"ரெட்டை ஊரும்மா!"

"ஏலே, பாளையங்கோட்டைக் கோயில்ல கல்யாணம்னு ஓலை படிச்சு அறிவிச்சிட்டு, மாப்பிள்ளை ஜங்ஷன்ல போய் நின்னா தாலி கட்ட முடியுமா?"

"பாலத்தைத் தாண்டி வந்து கட்டுவான்."

"அங்க பாலம் இருக்கா?"

செல்வின் வாயைத் திறந்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"இல்ல. படகுதான்."

"பாத்தியா" என்றார்கள் அத்தை. தீர்ப்புச் சொன்ன மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

என் வீட்டுக்காரர், "அம்மை சொன்னா சரியாத்தான் இருக்கும்லே. உள்ளூர்ல வேலை இல்லாமலா கெடக்க?" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் அடுப்படியில் நின்றேன். மருமகள் அந்த இடத்தில் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பேசியிருந்தால் எடுபட்டிருக்குமா, அதுவும் தெரியாது.

மறுநாள் ஐயரம்மாவே வந்தார்கள். விஷயம் எப்படியோ அவர்கள் காதுக்குப் போய்விட்டது.

"அம்மா, இந்தச் சீட்டு ஜெபம் பண்ணத்தான். பிரயாணம் போறதுக்கும் போகாததுக்கும் இல்லம்மா. நான் சும்மா தூக்குல குலுக்கிப் போட்டது."

"நீங்க குலுக்கினீங்க ஐயரம்மா. அடையாளம் வச்சது நான். பதில் சொன்னது அவரு. நடுவுல நாம யாரு?"

ஐயரம்மா காபியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை.

காதர் வேறொரு பையனோடு விமானம் ஏறினான். வழியனுப்ப செல்வின் போய் வந்தான்.

வெறும் பமாகோ

அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் பிராசவில் பட்டணத்துக்காக ஜெபம் நடந்தது. அத்தை கண்ணீர் விட்டு ஜெபிப்பார்கள். அந்தப் பட்டணத்துப் பிள்ளைகளை, விதவைகளை, படகுக்காரர்களை எல்லாம் பேர் தெரியாமலே ஜெபத்தில் தாங்குவார்கள். சீட்டு விழுந்த எந்த ஊருக்கும் அத்தை அப்படி ஜெபித்து நான் பார்த்ததில்லை. செல்வின் சுவரோரம் உட்கார்ந்திருப்பான். ஆமென் மட்டும் சொல்வான். பிறகு அதுவும் இல்லை.

அடுத்த வருஷம் எங்களுக்கு மாலி நாடு விழுந்தது. எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். நான் வேண்டுமென்றே, "தலைநகரம் என்ன தம்பி, மறந்துட்டேனே?" என்று கேட்டேன்.

"பமாகோ" என்றான்.

பூக்காரியும் இல்லை, மாலையும் இல்லை. முகத்தில் கோபமும் இல்லை. கேட்டதற்குப் பதில். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு வேலை முடிந்தாலும் ஒர்க்‌ஷாப்பிலேயே இருந்துவிட்டு, குடும்ப ஜெபம் முடிகிற நேரம் பார்த்து வருவான். கோயிலுக்கு வருவதும் குறைந்தது. கல்யாணம் ஆனது, நல்ல பெண். இரண்டு பெண்பிள்ளைகள். வாழைப்பழம் பழுக்கவைக்கிற குளிர்பதனக் கிட்டங்கி ஒன்றில் பொறுப்பான வேலை. தெருக்கோடியிலேயே தனிவீடு. தாய்க்கு ஒரு குறை வைக்கவில்லை. மருந்து அவன்தான் வாங்குவான், டாக்டரிடம் அவன்தான் கூட்டிப்போவான். வெளியே இருந்து பார்த்தால் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

காதர் விடுமுறைக்கு வரும்போது மட்டும் அவன் வாயிலிருந்து கேள்வி வரும்.

"ஆத்துல தண்ணி என்ன கலருலே?"

"நம்ம பழுப்புத்தான். செடி கொடி மிதந்து மிதந்து வரும், தீவு மாதிரி."

"அக்கரைக்குப் போனியா?"

"ஒரே ஒரு தடவை. அதுக்கும் பாஸ்போர்ட்டு, முத்திரை, ஆயிரம் கேள்வி. கூப்பிடு தூரத்துல இருக்கு வே, ஆனா வேற நாடு. ராத்திரி அவங்க விளக்கு நமக்குத் தெரியும், நம்ம விளக்கு அவங்களுக்குத் தெரியும்."

செல்வின் கேட்டுக்கொண்டே இருப்பான். அத்தை எழுந்து பின்வாசலுக்குப் போய்விடுவார்கள்.

பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காதர் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பி வந்தான். தாடி நரைத்திருந்தது. பேரீச்சம்பழம் கொண்டுவந்து அத்தையின் கட்டில் ஓரம் உட்கார்ந்தான். அத்தை அப்போது வழுக்கி விழுந்து படுக்கையோடு இருந்தார்கள். காது நன்றாகக் கேட்கும். பேச்சும் தெளிவு.

"காதரு, உள்ளதைச் சொல்லு. அது பொல்லாத ஊரா?"

"சில வருஷம் கஷ்டமாத்தான் இருந்துது பெரியம்மா. கடையைப் பூட்டிட்டு உள்ளயே கெடந்திருக்கோம். ஆனா எங்க உம்மா துஆ செஞ்சு அனுப்பினாவ. ஒண்ணும் ஆவல. நல்ல சனங்க. எனக்குக் காய்ச்சல் கண்டப்ப பக்கத்து வீட்டு அம்மாதான் கஞ்சி ஊத்தினா."

அத்தை கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்கள். "ஒண்ணும் ஆவலியா" என்றார்கள். கேள்வி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

மறுநாள் எங்கள் வீட்டு பிரிட்ஜ் ஓடவில்லை என்று செல்வினுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். மத்தியானம் வந்தான். பிரிட்ஜ் அத்தை படுத்திருந்த அறையில்தான். சுவரை விட்டு இழுத்துப் போட்டு, பின்னால் குத்தவைத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். நான் அடுப்படி வாசலில் நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

"ஏலே செல்வின்."

"சொல்லும்மா."

"அன்னைக்குச் சீட்டு எடுத்தேன்லா."

திருப்புளிச் சத்தம் நின்றது.

"கின்ஷாசா விழும்னு நெனைச்சு நான் அடையாளம் வைக்கல, மக்கா. விழவே விழாதுன்னு நெனைச்சுத்தான் வச்சேன். அம்பது ஊருக்குள்ள அது ஒண்ணு எங்க விழப்போவுதுன்னு. ஒன்ன அனுப்ப எனக்கு மனசு இல்ல. போவாதலேன்னு சொல்ல வாயும் இல்ல. நீ அப்படி வீட்டைச் சுத்தி ஓடினியே, அதைப் பாத்துட்டு எப்படிச் சொல்லுவேன்? அதான் அவர்மேல போட்டேன். சித்தம் சித்தம்னு சொன்னது எல்லாம் என் பயம்லே."

எனக்குக் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது.

"அந்தச் சீட்டைப் பிரிச்ச அன்னைக்கு, அது நேர் எதிர்த்த கரைன்னு நீ சொன்னியே, அப்பவே எனக்கு ஈரக்கொலை நடுங்கிப் போச்சு. என் கள்ளத்தனத்தைக் கண்டுக்கிட்டாருன்னு. அப்பவாவது போலேன்னு சொல்லியிருக்கணும். பாலம் இருக்கான்னு கேட்டேன் பாரு..."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து செல்வினுடைய குரல் மட்டும் வந்தது. ஆள் தெரியவில்லை.

"தெரியும்மா."

"என்னது?"

"அன்னைக்கே தெரியும். நீ அடையாளம்னு சொன்னப்பவே தெரியும். ஒன் முகம் எனக்குத் தெரியாதா?"

"பெறவு ஏம்லே போவல? நான் கெடக்கேன், கிழவி. மீறிப் போயிருக்கலாம்லா?"

அவன் எழுந்து நின்றான். கையெல்லாம் கரி. நாற்பது தாண்டிவிட்டது அவனுக்கு, காது ஓரம் நரை.

"நீ போவாதேன்னு சொல்லியிருந்தா ஒன்கூடச் சண்டை போட்டிருப்பேன். நாலு நாள் சாப்பிடாம கெடந்து, கத்தி, அழுது, போயிருப்பேன். நீயும் திட்டிக்கிட்டே முறுக்கு சுட்டுக் கொடுத்து அனுப்பியிருப்ப. அவரைக் கொண்டுவந்து குறுக்க நிறுத்திட்டியேம்மா. நான் யார்கூடப் போய்ச் சண்டை போட?"

அத்தை அவனையே பார்த்தார்கள். கண்ணீர் காதுப்பக்கமாக வழிந்து தலையணையில் இறங்கியது. பிறகு கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்கள். முடியவில்லை.

"இப்பப் போடுலே" என்றார்கள். "இந்தா கெடக்கேன்லா. இப்பச் சண்டை போடு. கத்துலே."

செல்வின் வேட்டி நுனியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"இப்பச் சண்டை போட்டு எங்கம்மா போவப்போறேன்?" என்றான்.

பைய பிரிட்ஜைச் சுவரோடு தள்ளி வைத்தான். சுவிட்சைப் போட்டான். அது உறும ஆரம்பித்தது. கதவைத் திறந்து உள்ளே கைவைத்துப் பார்த்தான். "சாயங்காலம் வரைக்கும் தொறக்காதீங்க மதினி, குளிர் பிடிக்கட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.

அத்தை அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. அடக்க ஆராதனையில் செல்வின் முன்வரிசையில் நின்றான். பாட்டுப் பாடுகிற நேரத்தில் வாயை அசைத்தானா என்று நான் பார்த்தேன். முன்னால் நின்றவர்கள் மறைத்துவிட்டார்கள்.

சொல்கிறவர்களுக்கு

எங்கள் சபையில் இன்றைக்கும் சீட்டு எடுக்கிறோம். நானும் எடுக்கிறேன், விழுந்த பட்டணத்துக்காக ஜெபிக்கிறேன். அதில் ஒரு தப்பும் இல்லை.

இதைப் படித்துவிட்டு நீங்கள் உங்கள் வீட்டிலோ கூட்டத்திலோ சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லுங்கள், சொல்லத்தான் எழுதினேன். ஆனால் இருந்தபடியே சொல்லுங்கள். சீட்டைப் பழிக்க வேண்டாம். பிள்ளையை ஒரு முறைகூடக் கைநீட்டி அடிக்காத என் மாமியாரைக் கொடுமைக்காரி ஆக்க வேண்டாம். செல்வின் வாழ்க்கை பாழாகிவிட்டது என்றும் சொல்ல வேண்டாம், அவன் நன்றாகத்தான் இருக்கிறான்.

முக்கியமாக ஒன்று. கடைசியில் தாயும் பிள்ளையும் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று சேர்த்துவிடாதீர்கள். சொல்லும்போது அப்படிச் சேர்க்கத்தான் நாக்கு வரும். அன்றைக்கு அடுப்படி வாசலில் நானும் அதற்காகத்தான் நின்றேன், கீழே விழுந்த கீரையைக்கூடப் பொறுக்காமல் வெகுநேரம் நின்றேன்.

நடக்கவில்லை.